குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்ற கோழி எது?

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் ஒருவர் கூடையோடு நிற்பார். கூடைக்குள் பச்சை, ரோஸ், நீலம், ஆரஞ்சு என்று சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். பிள்ளை நம் கையைப் பிடித்து இழுக்கும். விலையும் பெரிதில்லை. இரண்டை வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவோம். மறுநாள் காலையில் ஒன்று சுருண்டு கிடக்கும். அதற்கு மறுநாள் மற்றதும் போய்விடும். பிள்ளை அழும். நாம் அடுத்த முறை வேறு வாங்கித் தருகிறோம் என்று சமாதானம் சொல்வோம்.

நம்மில் பல வீடுகளில் நடந்த கதைதான் இது. அந்தக் குஞ்சுகள் ஏன் செத்துப்போகின்றன என்று நாம் யோசிப்பதில்லை. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் ஆண் குஞ்சுகளுக்கு வேலை இல்லை. அவை முட்டை போடாது. கறிக்கோழியைப் போல வேகமாகச் சதை பிடிக்கவும் செய்யாது. ஆகவே அவற்றை மிகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சாயம் ஏற்றித் தெருவுக்கு வருபவை பெரும்பாலும் அவைதான். பொரித்த முதல் வாரத்தில் ஒரு குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தாய்க்கோழியின் இறக்கையோ, மின்விளக்கின் சூடோ இல்லாமல், நாள் முழுவதும் பிள்ளைகளின் கையில் மாறி மாறி அமுக்கப்படும் குஞ்சு பிழைப்பது அரிது.

இதை ஒரு விளையாட்டுச் சாமான் உடைந்த கணக்கில் நாம் கடந்துவிட்டால், உயிர் என்பது மலிவானது என்ற பாடத்தைப் பிள்ளைக்கு நம்மை அறியாமலே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ஆனால் சரியான கோழியைத் தேர்ந்தெடுத்து முறையாக வளர்த்தால், அதே பிள்ளை பொறுப்பையும் இரக்கத்தையும் கற்றுக்கொள்ளும். வீட்டுக்கு நல்ல முட்டையும் கிடைக்கும். அந்தச் சரியான கோழி எது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அழகைப் பார்த்து ஏமாந்தோம்

முதலில் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் சந்தையில் ஒரு சேவலைப் பார்த்தோம். செம்பு நிறக் கழுத்து, கறுப்பு வால், நிமிர்ந்த நடை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று அதோடு இரண்டு பெட்டைகளையும் சேர்த்து வாங்கி வந்தோம். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் கொல்லையில் ஓடி விளையாடிய எங்கள் நான்கு வயது மகன் மீது அது பாய்ந்துவிட்டது. கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே கால்முள் கிழித்தது. அல்ஹம்துலில்லாஹ், கண் தப்பியது. ஆனால் ஒரு வருடத்துக்கு அவன் கொல்லைக் கதவைத் தாண்டவில்லை.

சேவலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது தன் இயல்பைச் செய்தது. தன் பெட்டைகளைக் காப்பாற்றுவது அதன் வேலை. ஓடிவரும் சின்ன உருவம் அதன் கண்ணுக்கு எதிரி. குணத்தைக் கேட்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கியது எங்கள் பிழை.

சேவல் அவசியமா?

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எங்கள் முதல் ஆலோசனை, சேவல் இல்லாமல் தொடங்குங்கள் என்பதுதான். சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டை போடாது என்று நம் பெரியவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பருவம் வந்த பெட்டை, சேவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முட்டை போடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். சாப்பிட எந்தத் தடையும் இல்லை, சத்திலும் குறையில்லை.

சேவலின் முரட்டுத்தனம் பொதுவாக நான்கைந்து மாத வயதுக்குப் பிறகுதான் வெளிப்படும். அதுவரை மடியில் உட்கார்ந்திருந்த சேவல்கூட மாறக்கூடும். ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்திச் சுற்றிச் சுற்றி நடப்பது, தலையைத் தாழ்த்திக் கழுத்து இறகை விரிப்பது, பின்னாலேயே வந்து காலைக் கொத்துவது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இதைக் கண்டால் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். ஓடினால் அது துரத்தும் என்பதையும், முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்று பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பாயும் குணம் வந்துவிட்ட சேவலைச் சின்னப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

சண்டைக்கென்று வளர்ந்த இனங்கள்

நம் ஊரில் அசில் கோழிக்குத் தனி மதிப்பு உண்டு. அரபியில் ‘அஸீல்’ என்றால் நல்ல வம்சத்தைச் சேர்ந்தது என்று பொருள். அதிலிருந்து வந்ததாகவே இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். நீண்ட கழுத்து, இறுகிய உடம்பு, தடித்த கால். வளர்ப்பவரிடம் அது பழக்கமாகவே இருக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் அது. இரண்டு சேவல்கள் சேர்ந்தால் மோதும். பெட்டைகளும் தமக்குள் கடுமையாகச் சண்டையிடும். நடுவில் ஒரு பிள்ளை போய் விலக்கிவிட நினைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சேவல் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிரினங்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதை மார்க்கம் ஏற்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் அதைக் குற்றம் என்கிறது. ‘சும்மா விளையாட்டுக்கு’ என்று பிள்ளைகள் இரண்டு சேவல்களை எதிரெதிரே நிறுத்துவதைக் கண்டால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

கடக்நாத் எனப்படும் கருங்கோழியையும் பலர் விரும்பி வாங்குகிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த இந்த இனத்தின் இறைச்சி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. கடினமான சூழலைத் தாங்கும். ஆனால் சுறுசுறுப்பும் மிரட்சியும் அதிகம். மடியில் வைத்துக் கொஞ்ச ஏற்றதல்ல. வெள்ளை லெகார்ன் முட்டை நிறையப் போடும். ஆனால் சத்தம் கேட்டாலே படபடவென்று பறக்கும். முட்டை மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. பிள்ளைகள் பழக வேண்டும் என்றால் வேறு இனம் பாருங்கள்.

சாதுவான இனங்கள்

சில்கி: பிள்ளைகளுக்கு எந்தக் கோழி என்று கேட்டால் வளர்ப்பவர்கள் பலர் முதலில் சொல்வது இதைத்தான். சீனாவிலிருந்து வந்த இனம். இறகு பஞ்சுபோல, பூனைக்குட்டியின் முடிபோல இருக்கும். பெரும்பாலான கோழிகளுக்குக் காலில் நான்கு விரல் என்றால் இதற்கு ஐந்து. தோல் கறுப்பு. பறக்காது, ஆகவே உயரமான வேலி தேவையில்லை. எடை ஒன்று, ஒன்றரைக் கிலோ என்பதால் ஆறேழு வயதுப் பிள்ளைகூடத் தூக்கலாம். கையில் எடுத்தால் அடங்கி உட்காரும். முட்டை குறைவுதான், அடிக்கடி அடை உட்கார்ந்துவிடும்.

இதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. அந்தப் பஞ்சு இறகில் தண்ணீர் வழிந்து ஓடாது, ஊறிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்தால் குளிரில் விறைத்துப்போகும். கொண்டை இறகு கண்ணை மறைப்பதால் பூனையோ பருந்தோ வருவதை அது பார்க்காது. கூரையும் வலையும் உள்ள கூண்டு இதற்கு அவசியம்.

கொச்சின், பிரம்மா: இரண்டும் உருவத்தில் பெரியவை; கால் விரல்வரை இறகு மூடியிருக்கும். கொச்சின் 1840-களில் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனபோது அதன் உருவத்தைப் பார்த்து மக்கள் அதிசயித்தார்கள். நம் கொச்சித் துறைமுகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. பிரம்மா, சீனத்துக் கோழிகளைக் கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. உருவம் பயமுறுத்தினாலும் இரண்டும் நிதானமானவை. சேவல்கூட மற்ற இனங்களைவிடப் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் நான்கைந்து கிலோ எடையைச் சின்னப் பிள்ளை தூக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கலாம்.

பஃப் ஆர்பிங்டன்: 1880-களில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வில்லியம் குக் என்பவர் உருவாக்கிய ஆர்பிங்டன் இனத்தின் பொன்னிற வகை. கூப்பிட்டால் பின்னாலேயே வரும், தட்டை ஏந்தினால் கையிலிருந்தே தின்னும். முட்டையும் நன்றாகப் போடும்.

ஆஸ்ட்ரலார்ப்: ஆர்பிங்டனிலிருந்து ஆஸ்திரேலியாவில் முட்டைக்காக வளர்த்தெடுக்கப்பட்ட கறுப்புக் கோழி. அமைதியும் முட்டையும் ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்குப் பொருத்தம். 1920-களில் நடந்த முட்டைப் போட்டிகளில் வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் போட்டுப் பெயர் வாங்கியது. வீட்டில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

ரோட் ஐலண்ட் ரெட்: அமெரிக்க இனம், நம் நாட்டிலும் நீண்ட காலமாக இருக்கிறது. பெட்டைகள் தைரியமானவை, பிள்ளைகளோடு பழகும். இதன் சேவல்கள் சிலநேரம் முரடாகிவிடும் என்பதால் பெட்டை மட்டும் வாங்குங்கள்.

நம் வெயிலை மறக்க வேண்டாம்

படத்தைப் பார்த்து பிரம்மாவோ கொச்சினோ வாங்கத் துடிக்கும் முன் ஒரு விஷயம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், கால்வரை கம்பளி போர்த்திய மாதிரி இறகு கொண்ட கோழி என்ன பாடுபடும்! ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் இருப்பவர்கள் அவற்றைத் தாராளமாக வளர்க்கலாம். சமவெளியில் இருப்பவர்கள் அடர்ந்த மர நிழல், ஈரச் சாக்கு, எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் தர முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ஆர்பிங்டனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் ஆசைக்காக ஒரு உயிரை வெயிலில் வாட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் சமவெளிக்கு எது? எங்கள் அனுபவத்தில், சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டையைக் குஞ்சிலிருந்தே கையில் பழக்கினால் போதும். வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம், தீனிச் செலவு குறைவு, உருவமும் சின்னது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிறுவிடை நல்ல தாய். குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழி எவ்வளவு சாதுவாக இருந்தாலும், குஞ்சைத் தொட வரும் பிள்ளையின் முகத்துக்கே பறந்து கொத்தும். அந்த ஒன்றிரண்டு மாதம் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் சின்னவர்களை விடாதீர்கள்.

ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா இனங்களும் இருக்கின்றன. கிராமப்பிரியா முட்டைக்கு, வனராஜா முட்டை, கறி இரண்டுக்கும். வனராஜா உடல் பருமனானது, ஓட்டத்தில் வேகம் குறைவு. பிள்ளைகளுக்குப் பிடிக்க எளிது என்றாலும் நாய்க்கும் கீரிக்கும் அதே எளிதுதான். வேலி வேண்டும்.

பழக்கும் முறை

இனம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதியைச் செய்ய வேண்டியது நாம். சாதுவான இனத்துக் கோழியும் துரத்தித் துரத்திப் பிடிக்கப்பட்டால் மிரண்டுபோகும். நாட்டுக்கோழியும் அன்பாகப் பழக்கினால் தோளில் ஏறும்.

ஒன்றாக வாங்காதீர்கள், கோழி கூட்டமாக வாழும் பறவை. மூன்று பெட்டைகளோடு தொடங்கினால் சரியாக இருக்கும். முதல் சில வாரங்கள் மிக முக்கியம். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் குருணையோ கம்போ வைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். கோழி தானாக வரட்டும். தலைக்கு மேலிருந்து வரும் கை அதன் கண்ணுக்குப் பருந்து. பக்கவாட்டில், தாழ்வாகக் கையை நீட்ட வேண்டும். தூக்கும்போது இரண்டு இறக்கைகளையும் உடம்போடு அணைத்து, அடியில் மறு கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். காலையோ இறக்கையையோ பிடித்துத் தொங்கவிடக் கூடாது.

வயதுக்கேற்ற வேலையையும் பிரித்துக்கொடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை தானியம் தூவலாம். எட்டு வயதுப் பிள்ளை தண்ணீர் மாற்றலாம், முட்டை எடுக்கலாம். மஃரிபுக்கு முன் கூண்டை அடைத்துத் தாழ் போட்டாயிற்றா என்று பார்க்கும் பொறுப்பைப் பெரியவனிடம் விடலாம். அவன் மறந்தால் கீரி மறக்காது என்று சொல்லிவையுங்கள். ஆனால் கடைசியாக ஒருமுறை நாமே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

கை கழுவுவதில் சமரசம் இல்லை

பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் இறகிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். சின்னப் பிள்ளைகளையும் முதியவர்களையும் கடுமையாகத் தாக்கும். ஆகவே ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் கோழியையும் குஞ்சையும் கையில் எடுக்காமல் பார்த்து ரசிப்பதே நல்லது. கோழியை முத்தமிடக் கூடாது, முகத்தோடு அணைக்கக் கூடாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. கொல்லைக்குத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கோழியைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஊர்க் கோழி முழுவதும் ஒரே வாரத்தில் போய்விடும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, காலத்தோடு தடுப்பூசி போட்டுவிடுங்கள். கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால் பிள்ளைகளைக் கிட்டே விடாமல் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது

கடைசி விஷயம் இனத்தைப் பற்றியதல்ல. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது. பிள்ளை பெயர் வைத்து வளர்த்த கோழியை ஒருநாள் அறுப்பீர்களா, மாட்டீர்களா?

நம் வீடுகளில் கோழி என்றால் கறியும்தான். அதில் தவறில்லை, அல்லாஹ் ஹலாலாக்கியது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பெருநாளுக்கு விருந்தாளிகள் திடீரென்று வந்துவிட, மகள் வளர்த்த கோழியை அறுத்துவிட்டோம். பறந்து போய்விட்டது என்று அவளிடம் சொன்னோம். நான்கு நாளில் அண்ணன் மூலம் அவளுக்கு உண்மை தெரிந்தது. அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏன்மா பொய் சொன்னீங்க?” கோழி போனதை அவள் மெல்ல மறந்தாள். நாங்கள் பொய் சொன்னதை மறக்க அவளுக்கு நாளாயிற்று. பிள்ளையிடம் விளையாட்டுக்குச் சொன்னாலும் பொய், பொய்யாகவே எழுதப்படும் என்பது நாம் ஓதிப் படித்ததுதான். அன்றுதான் அது எங்களுக்கு உறைத்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கான கோழிகள் வேறு, கறிக்கான கோழிகள் வேறு. பெயர் வைத்தது கத்திக்குப் போகாது. முட்டை நின்ற பிறகும் ஆயுள் உள்ளவரை அதற்குத் தீனி உண்டு. கறிக்கென்று வாங்குவதை முதல் நாளிலேயே சொல்லி விடுகிறோம். அறுக்கும்போது கூர்மையான கத்தியால், மற்றக் கோழிகளின் கண்ணில் படாமல் அறுக்கிறோம். காரணத்தையும் பிள்ளைகளுக்கு விளக்குகிறோம். உங்கள் வீட்டில் வேறு முடிவு எடுக்கலாம். எதுவானாலும் கோழி வருவதற்கு முன்பே எடுங்கள், பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

அபூ உமைர் என்ற சிறுவன் ஆசையாக வைத்திருந்த சின்னப் பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தி நமக்குத் தெரியும். கோழியைக் கட்டிவைத்துக் குறிபார்த்து எய்த இளைஞர்களை அனஸ் (ரலி) அவர்கள் தடுத்த செய்தியும் ஹதீஸ்களில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் கையில் உள்ள பறவை சாதாரண விஷயமல்ல என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

எங்கள் மகன் இப்போது பெரியவனாகிவிட்டான். கன்னத்தில் தழும்பு மெல்லிய கோடாக இருக்கிறது. கொல்லையில் இப்போது சேவல் இல்லை. மூன்று சிறுவிடைப் பெட்டைகளும் ஒரு சில்கியும் இருக்கின்றன. அஸருக்குப் பிறகு அவன் குருணைக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தால் நான்கும் ஓடிவருகின்றன. அவன் ஓடுவதில்லை, உட்கார்ந்து கையை நீட்டுகிறான்.